சீருடைக்கு ஒதுக்கிய நாற்காலிகள்: இந்தோனேசியா, பர்மா, தாய்லாந்து குறித்துச் சில குறிப்புகள்

1

2022 ஜூலையில் கொழும்பு. 2024 ஆகஸ்டில் டாக்கா. 2025 செப்டம்பரில் காத்மாண்டு. கொழும்பில் ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் குளத்தில் சனங்கள் இறங்கிக் குளித்தார்கள். டாக்காவில் பிரதமர் இல்லத்திலிருந்து நாற்காலி, மேசை, சேலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிப்போனார்கள். காத்மாண்டுவில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. மூன்று முறையும் நண்பர்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பாத்தீங்களா, சனங்க எந்திரிச்சா எந்த மாளிகையும் நிக்காது."

சரிதான். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்சியாளர் ஓடிய அன்று எடுத்த புகைப்படம் மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. மறுநாள் காலையில் யார் யாரோடு உட்கார்ந்து என்ன பேசி முடித்தார்கள் என்பதற்குப் படம் கிடையாது. ஆசிய நாடுகளின் ஜனநாயக வரலாறு பெரும்பாலும் படம் எடுக்கப்படாத இந்த மறுநாள்களில்தான் தீர்மானமாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பேசுவதற்கு நேற்று நடந்தவற்றைவிடக் கொஞ்சம் ஆறிப்போன உதாரணங்கள் உதவும். 1988இல் பர்மா, 1992இல் தாய்லாந்து, 1998இல் இந்தோனேசியா. பத்து வருஷ இடைவெளிக்குள், ஒன்றுக்கொன்று அண்டையில் உள்ள மூன்று நாடுகளில், ராணுவ ஆட்சிக்கு எதிராக மாணவர்களும் நகரத்து எளிய மக்களும் தெருவுக்கு வந்தார்கள். மூன்று இடத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று இடத்திலும் ரத்தம் ஒரே நிறம்தான். பிறகு ஏன் மூன்றும் மூன்று திசையில் போயின? ஒன்றில் ராணுவம் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறியது. ஒன்றில் சட்டம் போட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதில் வெளியே போவதும் திரும்பி வருவதுமாக இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை எப்படிப் புரிந்துகொள்வது?

2

இதற்கு நம் கைவசம் ஏற்கெனவே ஒரு விடை தயாராக இருக்கிறது. அதைப் படிக்கட்டுச் சொல்லாடல் என்று அழைக்கலாம்.

எல்லா நாடுகளும் ஒரே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன, சில முன்னால், சில பின்னால் என்பதுதான் அதன் சாரம். சாமுவேல் ஹண்டிங்டன் 1991இல் 'மூன்றாவது அலை' என்று எழுதியதிலும், ஃபிரான்சிஸ் ஃபுகுயாமா 1992இல் 'வரலாற்றின் முடிவு' என்று அறிவித்ததிலும் இந்தப் படிக்கட்டு இருந்தது. முதலில் தொழில் வளரும், அப்புறம் நடுத்தர வர்க்கம் பெருகும், அது வாக்குரிமை கேட்கும் என்பதாக. சிங்கப்பூரின் லீ குவான் யூ போன்றவர்கள் இதை எதிர்ப்பதாகச் சொல்லி 'ஆசிய விழுமியங்கள்' பேசினார்கள். ஆனால் அவர்கள் செய்ததும் எங்கள் படிக்கட்டு வேறு, முதலில் சோறு, ஒழுங்கு, மற்றதெல்லாம் பிறகு என்று இன்னொரு படிக்கட்டைக் கட்டியதுதான்.

இடதுசாரி மரபில் வந்த நாமும் இதிலிருந்து தப்பவில்லை. நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவ ஜனநாயகம், அதற்கப்புறம் சோசலிசம் என்று நமக்கும் ஒரு கட்டம் கட்டமான பெருங்கதையாடல் இருந்தது. அந்தக் கதையாடலில் நாடாளுமன்ற ஜனநாயகம் ஒன்று கடந்துபோக வேண்டிய கட்டம், இல்லையென்றால் ஒரு முகமூடி. கடந்துபோக வேண்டியதையும் முகமூடியையும் யார் உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாக வாசிப்பார்கள்? தமிழ் எம்.ஏ. படித்தபோது ஒரு சூத்திரத்துக்கு மூன்று உரைகாரர்கள் சொன்ன பொருளை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாட்டின் அரசியல் சாசனத்தில் ஒரு ஷரத்தை அப்படி வாசித்தது கிடையாது. அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கட்டு உண்மையென்றால் தாய்லாந்து இந்தோனேசியாவுக்கு முன்னால் போயிருக்க வேண்டும். தலைக்கு வருமானம் அங்கேதான் அதிகம். 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்ததில் தொடங்கிய நெருக்கடி இந்தோனேசியாவைத்தான் மிக மோசமாகத் தாக்கியது. 1998இல் அதன் பொருளாதாரம் ஏறக்குறைய 13 சதவீதம் சுருங்கியது. ஆயிரக்கணக்கான தீவுகள், நூற்றுக்கணக்கான மொழிகள், உள்நாட்டுப் பிளவுகள். ஆனால் அந்தப் பஞ்ச காலத்தில்தான் அது ராணுவத்தை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. பணக்கார தாய்லாந்து அதற்குப் பிறகு இரண்டு முறை, 2006இலும் 2014இலும், ராணுவத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆகவே படிக்கட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதைவிட எளிமையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சட்டம் செய்யும் அவையில் சீருடைக்கு எத்தனை நாற்காலி?

3

இந்தோனேசியாவில் இந்தக் கணக்கு மிகத் தெளிவாக இருக்கிறது.

1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்றதன் மேல்தான் சுகார்த்தோவின் 'புதிய ஒழுங்கு' எழுந்தது. அதன் கோட்பாட்டுப் பெயர் 'துவிஃபுங்சி', அதாவது இரட்டைப் பணி. ராணுவம் எல்லையையும் காக்கும், அரசியலையும் நடத்தும். தந்திரம் என்னவென்றால், ராணுவத்தினர் தேர்தலில் வாக்களிக்க மாட்டார்கள். வாக்கைத் தியாகம் செய்ததற்கு ஈடாக அவர்களுக்கு நியமன நாற்காலிகள். 1971 தேர்தலுக்குப் பிறகு அமைந்த 460 பேர் அவையில் 100 பேர் நியமன உறுப்பினர்கள். அவர்களில் 75 பேர் படையினர். 1987இல் அவை 500 ஆனபோது படையினருக்கு முழுசாக 100. கோல்கார் என்ற ஆளும் அமைப்பு, அதன் பக்கத்தில் இந்த நூறு பேர். இவர்களும் இவர்களைப் போன்ற நியமன உறுப்பினர்களும் நிறைந்த மக்கள் பேரவைதான் 1998 மார்ச்சில் சுகார்த்தோவை ஏழாவது முறையாக ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது.

இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, ஜகார்த்தாவில் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள்களில் சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்தை நிரப்பினார்கள். மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். இதுவரைக்கும் புகைப்படம் இருக்கிறது.

படம் இல்லாத பகுதி இதற்குப் பிறகுதான். 1997இல் 75 ஆகக் குறைக்கப்பட்டிருந்த படையினரின் நாற்காலிகள் 1999 தேர்தலில் 38 ஆயின. 1999 முதல் 2002 வரை அரசியல் சாசனம் நான்கு முறை திருத்தப்பட்டது. ஒரே நாளில் ஒரு புரட்சிகரச் சாசனம் வந்து இறங்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, அதிலும் பாதிப்பேர் பழைய ஆள்கள், வருஷா வருஷம் உட்கார்ந்து பேரம் பேசித் திருத்தினார்கள். இதற்கிடையில் 1999 ஆகஸ்டில் கிழக்குத் திமோர் மக்களில் 78 சதவீதத்துக்கும் மேலானோர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்குப் பழிவாங்கும் விதமாக ராணுவமும் அதன் அடியாள் படைகளும் அந்த நாட்டை எரித்தது உலகத்தின் முன்னால் இந்தோனேசிய ராணுவத்தைத் தலைகுனிய வைத்தது. 2004இல் 550 பேர் கொண்ட அவையில் சீருடைக்கு நாற்காலி பூஜ்யம். அதே வருஷம் மக்கள் முதன்முறையாக நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

100, 75, 38, பூஜ்யம். ஆசியாவில் ராணுவம் இப்படிப் படியிறங்கிப் போன கணக்கு அபூர்வம்.

4

இப்போது பர்மா. 1989இல் ராணுவம் அந்த நாட்டின் பெயரை மியான்மர் என்று மாற்றியது. நான் பர்மா என்றே எழுதுகிறேன், எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான்.

எங்கள் அப்பத்தா ரங்கூனிலிருந்து அறுபதுகளில் கப்பலில் வந்தவர். 1962 மார்ச்சில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. தமிழ்நாட்டுக்கு இது ஒன்றும் அந்நிய வரலாறு கிடையாது. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் பர்மா பஜார் அப்படி வந்து சேர்ந்தவர்கள் பெயரில் நிற்பதுதான். 'பட்டாளத்தான் ஆட்சி' என்பதற்கு மேல் அப்பத்தா அதற்கு வேறு பெயர் சொன்னதில்லை.

நான் பிறந்தது 1988. அந்த வருஷம் ஆகஸ்ட் 8ஆம் தேதி பர்மாவில் பெரும் எழுச்சி. அதற்கு முந்தின செப்டம்பரில் நெ வின் மறுபடியும் நோட்டுகளைச் செல்லாததாக்கி, ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டிருந்தார். மாணவர்களின் கையிருப்பு ஒரே நாளில் காகிதமானது. எழுச்சியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 18 அன்று ராணுவம் புதிய பெயரில் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. 1990 மே மாதம் தேர்தலும் நடத்தியது. 485 இடங்களில் 392ஐ ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் வென்றது. ராணுவம் ஆட்சியைத் தரவில்லை. முதலில் அரசியல் சாசனம் எழுத வேண்டும் என்றது.

1993 ஜனவரியில் சாசனம் எழுதுவதற்கென்று தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். அதற்கு முன்வைத்த குறிக்கோள்களில் ஒன்று, அரசின் அரசியல் தலைமையில் ராணுவத்துக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பது. அதே வருஷம் செப்டம்பரில் ஐக்கிய ஒற்றுமை வளர்ச்சிச் சங்கம் என்ற வெகுசன அமைப்பைத் தொடங்கினார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சுகார்த்தோவின் இரட்டைப் பணி, கோல்கார். ரங்கூன் ஜெனரல்கள் ஜகார்த்தாவைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். 1997 பிப்ரவரியில் சுகார்த்தோவே ரங்கூன் வந்துபோனார். அந்த ஜூலையில் ஆசியான் கூட்டமைப்பு பர்மாவைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த வருஷமே குரு விழுந்துவிட்டார். சீடர்கள் பாடத்தைக் கைவிடவில்லை. ஆசிரியர் செய்த தப்பு என்ன என்பதையும் படித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் ராணுவத்தின் நாற்காலிகளைச் சட்டத்தால் குறைக்க முடிந்தது. பர்மாவில் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதிக் கழிமுகம் பிணக்காடாகக் கிடந்தபோது, நாட்டின் பெரும்பகுதியில் மே 10 அன்று பொது வாக்கெடுப்பு நடத்தி, 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்து, சாசனத்தை நிறைவேற்றினார்கள். கீழவையில் 440இல் 110, மேலவையில் 224இல் 56, ஆக 664இல் 166 நாற்காலிகள் தலைமைத் தளபதி நியமிக்கும் படையினருக்கு. சரியாகக் கால்வாசி. 436ஆவது ஷரத்தின்படி முக்கியமான திருத்தங்களுக்கு முக்கால்வாசிக்கும் மேல் ஆதரவு வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரும், ஒருவர்கூடக் குறையாமல், கையைத் தூக்கினாலும் பத்தாது. சீருடையிலிருந்து ஒருவராவது கூட வர வேண்டும். உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களும் ராணுவத்துக்கு.

இந்தோனேசியா 2004இல் பூஜ்யத்துக்கு வந்தது. பர்மா 2008இல் 166 என்று எழுதி, அதை மாற்றவே முடியாது என்றும் சேர்த்து எழுதியது. அண்டை நாட்டில் காலாவதியான ஒரு ஏற்பாடு இங்கே புத்தம் புதுசாக அமலுக்கு வந்தது. ஒரே படிக்கட்டில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்ற பேச்சு இதை எந்த வகையிலும் விளக்காது. பர்மா 'பின்தங்கி' நிற்கவில்லை. அதன் ஆட்சியாளர்கள் முன்னால் போனவரைக் கவனித்துத் திட்டமிட்டு வேறு வழியில் போனார்கள்.

2015 நவம்பரில் லீக் பெரும் வெற்றி பெற்றது. எங்கள் ஊரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசினோம், நானும் உற்சாகமாகப் பேசினேன். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் செய்தியைக் காட்டியபோது அப்பத்தா கேட்டார்: "பட்டாளத்தான் எந்திரிச்சுட்டானா?" ஆமாம், எந்திரிச்சுட்டான் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. 436ஆவது ஷரத்தை அப்போது நான் வாசித்திருக்கவில்லை. அப்பத்தாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அவருக்குத் தெரிந்திருந்தது.

5

தாய்லாந்தின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுவது.

1991 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த தளபதிகளில் ஒருவரான சுசிந்தா, 1992 ஏப்ரலில் தேர்தலில் நிற்காமலேயே பிரதமரானார். மே மாதம் பாங்காக்கில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 52 பேர். சுசிந்தாவும் போராட்டத் தலைவர் சாம்லோங்கும் மன்னர் முன்னால் தரையில் அமர்ந்திருந்த காட்சியைத் தொலைக்காட்சி காட்டியது. சுசிந்தா விலகினார். 1997இல் 'மக்கள் சாசனம்' என்று பெயர் பெற்ற அரசியல் சாசனம் வந்தது. 200 பேர் கொண்ட செனட் முழுவதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் என்றது. நியமன நாற்காலி பூஜ்யம். இந்தோனேசியாவைவிட ஏழு வருஷம் முன்னால்!

2006 செப்டம்பரில் ராணுவம் அந்தச் சாசனத்தைத் தூக்கிப் போட்டது. 2007 சாசனத்தில் 150 செனட்டர்களில் 74 பேர் நியமனம். 2014 மே மாதம் மறுபடியும் ராணுவம். 2016 ஆகஸ்டில், எதிர்த்துப் பிரச்சாரம் செய்வதே குற்றம் என்ற நிலையில், வாக்கெடுப்பு நடத்தி, 2017இல் இன்னொரு சாசனம். அதன்படி முதல் செனட்டில் 250 பேர், அத்தனை பேரையும் ராணுவ ஆட்சிக் குழுதான் முடிவு செய்தது. படைத் தளபதிகளுக்கும் காவல்துறைத் தலைவருக்கும் பதவி வழியாகவே இடம். இந்த 250 பேரும் ஐந்து வருஷத்துக்குப் பிரதமர் தேர்விலும் வாக்களிக்கலாம். 2023 மே தேர்தலில் 'முன்னேறு கட்சி' 151 இடங்களுடன் முதலிடம் பிடித்தது. ஜூலையில் அதன் தலைவர் பிதாவுக்கு 250 செனட்டர்களில் 13 பேர்தான் வாக்களித்தார்கள். அவர் பிரதமராக முடியவில்லை. 2024இல் அந்தச் செனட்டின் காலம் முடிந்தது. நாற்காலிகள் காலாவதியாயின என்று மூச்சு விடுவதற்குள், ஆகஸ்டில், அரசியல் சாசன நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். நாற்காலி என்று நான் சொல்வது மரச் சாமானை மட்டும் குறிக்கவில்லை. வாக்குச் சீட்டு தொட முடியாத ஓர் இடம். அது நாடாளுமன்றத்தில் இருக்கலாம், நீதிமன்றத்தில் இருக்கலாம், அரண்மனையில் இருக்கலாம். ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் போட்டுக்கொள்வார்கள்.

6

சரி, இந்தோனேசிய ராணுவம் மட்டும் ஏன் எழுந்து போனது? அங்கே மாணவர்கள் அதிகத் தியாகம் செய்தார்களா? பர்மிய மாணவர்களுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தியாகத்தின் அளவை வைத்துப் பலனைக் கணக்கிடுவது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். அது தியாகத்துக்கும் நியாயம் செய்வதில்லை, பலனையும் விளக்குவதில்லை.

எனக்குத் தோன்றும் காரணம் கசப்பானது. தோற்றாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இந்தோனேசியப் பழைய ஆளும் கூட்டத்துக்கு இருந்தது. கோல்கார் 1999 தேர்தலில் 22 சதவீத வாக்குடன் இரண்டாம் இடம் பிடித்தது. 2004இல் முதலிடத்துக்கே வந்துவிட்டது. ஓட்டு வாங்கித் தன்னால் வாழ முடியும் என்று தெரிந்த கட்சிக்கு நூறு சீருடைக்காரர்களின் துணை எதற்கு? நாற்காலிகள் பூஜ்யமான அந்த 2004இல் நேரடித் தேர்தலில் வென்ற யுதயோனோ யார்? ஓய்வுபெற்ற ஜெனரல். தோற்றவர்களில் ஒருவரான விரந்தோ? 1998இல் படைகளின் தலைமைத் தளபதி, 2004இல் கோல்காரின் வேட்பாளர். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுக் கேட்டு வந்தார்கள்.

பர்மாவில் ராணுவத்தின் கட்சி 1990, 2015, 2020 என்று எதிர்த்துப் போட்டி நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் மண்ணைக் கவ்வியது. தாய்லாந்தில் ராணுவத்துக்கும் அரண்மனைக்கும் நெருக்கமான மேட்டுக்குடியின் ஆதரவு பெற்ற ஜனநாயகக் கட்சி 1992க்குப் பிறகு எந்தப் பொதுத் தேர்தலிலும் முதலிடம் பெறவில்லை. வாக்குச் சீட்டால் வாழவே முடியாது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கூட்டம் வாக்குச் சீட்டுக்கு வெளியில்தான் நாற்காலி தேடும். 2020 மார்ச்சில் லீக் 25 சதவீதத்தை 15, 10, 5 என்று படிப்படியாகக் குறைக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இந்தோனேசியா நடந்த அதே வழி. ராணுவ உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமல் அது தோற்றது. நவம்பர் தேர்தலில் லீக் 476 இடங்களில் 396ஐ வென்றது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. 2023இல் லீக் கலைக்கப்பட்டது. அந்தக் கட்சி இல்லாமலேயே 2025 டிசம்பரில் கட்டம் கட்டமாக ஒரு தேர்தலைத் தொடங்கினார்கள், அதே 166 நாற்காலிகளோடு.

அப்படியென்றால் பழைய ஆள்களைப் பிழைக்க விட்டால்தான் ஜனநாயகம் வருமா என்று தோழர்கள் கேட்கலாம். இந்தோனேசியாவில் வந்தது அப்படித்தான். ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்தார்கள், அந்த விலையை யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

7

1997-98இல் சுகார்த்தோ எதிர்ப்பு ஆர்வலர்கள் பலர் கடத்தப்பட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். 13 பேர் வரவேயில்லை. விஜி துக்குல் என்ற கவிஞர் அவர்களில் ஒருவர், தொழிலாளர் குடியிருப்பிலிருந்து எழுத வந்தவர். இந்தக் கடத்தல்களில் சிறப்புப் படையின் பங்கை விசாரித்த ராணுவ அதிகாரிகள் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1998 ஆகஸ்டில், பிரபோவோ என்ற ஜெனரல் பணியிலிருந்து விலக்கப்பட்டார். நீதிமன்றத்தில் அவர் மேல் வழக்கு நடக்கவில்லை. கடத்தல்களை அம்பலப்படுத்திய மனித உரிமைச் செயற்பாட்டாளர் முனீர், 2004 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் செல்லும் விமானத்தில் ஆர்சனிக் கொடுத்துக் கொல்லப்பட்டார். நாற்காலி பூஜ்யமான அதே வருஷம்.

2007 ஜனவரி முதல், ஒவ்வொரு வியாழக்கிழமையும், காணாமல் போனவர்களின், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் ஜகார்த்தா ஜனாதிபதி மாளிகையின் எதிரில் கறுப்புக் குடையோடு மௌனமாக வந்து நிற்கிறார்கள். 2023 ஜனவரியில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ 1965-66 கொலைகளையும் இந்தக் கடத்தல்களையும் உள்ளிட்ட 12 மீறல்களை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 2024 பிப்ரவரியில் அதே ஜனாதிபதி பிரபோவோவுக்குக் கௌரவ நான்கு நட்சத்திர ஜெனரல் பட்டம் கொடுத்தார். அதே மாதம் தேர்தலில் ஏறக்குறைய 58 சதவீத வாக்குடன் பிரபோவோ ஜனாதிபதியானார். 2025 மார்ச்சில் பணியிலிருக்கும் ராணுவ அதிகாரிகள் அமரக்கூடிய சிவில் நிறுவனங்களின் எண்ணிக்கை 10இலிருந்து 14 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரில் சுகார்த்தோவுக்குத் 'தேசிய வீரர்' பட்டம்.

நாற்காலிகளை எடுத்தார்கள், கணக்கைத் தீர்க்கவில்லை. தீர்க்காத கணக்கு 26 வருஷம் கழித்து வாக்குச் சீட்டு வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்தது.

பர்மாவிலும் இப்படித் தீர்க்காத கணக்கு ஒன்று உண்டு. அது எதிர்த்தவர்களின் பக்கத்தில் இருந்தது. 2015இல் லீக் நிறுத்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட வேட்பாளர்களில் ஒரு முஸ்லிம்கூடக் கிடையாது. சூகி ஜனாதிபதியாக முடியாதபடி ஷரத்து தடுத்தபோது, சாசனத்தின் இடுக்கில் 'அரச ஆலோசகர்' என்ற பதவியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் உ கோ நி என்ற வழக்கறிஞர், அவர் முஸ்லிம். அந்தச் சாசனத்தை ஷரத்து ஷரத்தாக வாசித்த மனிதர். 2017 ஜனவரி 29 அன்று ரங்கூன் விமான நிலைய வாசலில், பேரக் குழந்தையைக் கையில் வைத்திருந்தபோது, சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆகஸ்டில் ராணுவம் ஏழு லட்சத்துக்கும் மேலான ரோஹிங்கியாக்களை வங்கதேசத்துக்கு விரட்டியது. 2019 டிசம்பரில் சூகி ஹேக் நகரத்துக்குப் போய், சர்வதேச நீதிமன்றத்தில் நாட்டின் தரப்பை வாதாடினார். பதினான்கு மாதத்தில் அதே ராணுவம் அவரைச் சிறைப்பிடித்தது.

அப்பத்தா சொல்வார்: "கடையை எடுத்துக்கிட்டவன் பட்டாளத்தான். தெருவுல நின்னு வேடிக்கை பாத்தவன் பக்கத்துவீட்டுக்காரன்." நாட்டின் மக்கள் யார் என்ற கணக்கில் பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிடும் ஜனநாயக இயக்கம், தளபதியின் வேலையைப் பாதி செய்து கொடுத்துவிடுகிறது. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு பர்மிய இளைஞர்கள் பலர் ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஜூன் மாதம், ராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஐக்கிய அரசு, ரோஹிங்கியாக்களை ஒதுக்கிய 1982 குடியுரிமைச் சட்டத்தை நீக்குவதாக அறிவித்தது. காலம் கடந்த வாசிப்புத்தான், ஆனாலும் வாசிப்பு. அதே இளைஞர்கள் உயர்த்திய மூன்று விரல் சமிக்ஞை 2014இல் பாங்காக் தெருக்களில் எழுந்தது. ஜெனரல்கள் மட்டும்தான் எல்லை தாண்டிப் பாடம் படிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் இதுவரைக்கும் அவர்கள் ஷரத்துகளைக் கடன் வாங்கினார்கள், நாம் சமிக்ஞைகளைக் கடன் வாங்கினோம். இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

8

கொழும்பு, டாக்கா, காத்மாண்டு படங்களைப் பார்த்து உற்சாகப்படுவதை நான் குறை சொல்லவில்லை. நானும் பட்டேன். அடுத்து எங்காவது ஒரு மாளிகை விழும்போதும் படுவேன். ஆனால் அன்று ராத்திரியே இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். போகிறவர்கள் எந்த நாற்காலியைத் தங்களுக்கென்று விட்டுவிட்டுப் போகிறார்கள்? யாருடைய சாவும் இழப்பும் கணக்கில் எழுதப்படாமல் விடப்படுகிறது? முதல் கேள்விக்கு விடை வரைவுச் சாசனத்தில் இருக்கும். இரண்டாவதற்கு விடை அதில் இருக்காது, வியாழக்கிழமை குடைகளுக்குக் கீழே போய்த்தான் கேட்க வேண்டும்.

அப்பத்தா 2018இல் இறந்துபோனார். பர்மாவில் 2021இல் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சொல்லியிருந்தால், எந்திரிக்கவே இல்லையேடா என்றிருப்பார். நான் 2015இல் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.